கிறகரியாரின் இகிறீஜியஸ்

பங்குச் சுவாமியை விட்டுவிட்டால், பனங்குடாவில் ஆங்கிலம் தெரிந்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் கிளாக்கர் கிறகரி. மற்றவர் யார் என்று கேட்டால், கிறகரியார் வானத்தைப் பார்த்துச் சற்று யோசித்துவிட்டு, "அப்பிடிப் பாத்தால் நான் ஒராள்தான்" என்பார்.

அந்த மற்றவர் அன்ரோனெற் ரீச்சர். கிறகரியாரின் மனைவி பெற்றிசியாவுக்குத் தங்கை மகள். மன்னாரில் கன்னியாஸ்திரிமார் நடத்திய பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் படிப்பித்துக்கொண்டிருந்தார். பிள்ளைகளுக்கு விளங்கும்படி படிப்பித்தார் என்பதால், அதை ஆங்கிலம் என்று கிறகரியார் கணக்கில் எடுக்கவில்லை. விளங்கிவிட்டால் அது என்ன ஆங்கிலம்?

மன்னார்த் தீவில் தலைமன்னாருக்குப் போகிற ரயில்கோச்சி நின்றுபோகாத ஊர் பனங்குடா. முன்னால் கடல், பின்னால் பனை, நடுவில் மணல், மணல் முழுக்கக் கழுதைகள். கிறகரியார் பென்சன் எடுத்துக்கொண்டு அங்கே வந்து சேர்ந்தபின், அந்தக் கழுதைகளுக்கும் ஆங்கிலம் கேட்கும் பாக்கியம் கிடைத்தது. வேலிக்குள் தலையை நீட்டிய கழுதையைப் பார்த்து அவர், "கெட் அவே, யூ இம்பெர்ட்டினன்ட் பீஸ்ட்!" என்பார். கழுதை அசையாது. பிறகு பெற்றிசியா குசினியிலிருந்து விறகுக்கட்டையோடு வந்து, "சீ போ!" என்பார். கழுதை போய்விடும். கழுதைக்குப் படிப்பறிவு போதாது என்பது கிறகரியாரின் முடிவு.

சும்மா சொல்லக் கூடாது, ஒரு காலத்தில் அவர் பெரிய ஆள்தான். மன்னாரில் ஓர் அரசாங்கக் கந்தோரில் வெள்ளைக்காரத் துரைமாருக்குக் கடிதம் வரைந்துகொடுப்பது அவர் வேலை. துரை வாசிக்காமலே கையெழுத்து வைப்பார். அதனால் பிரித்தானிய சாம்ராச்சியத்தின் மன்னார்ப் பகுதியை நடத்தியது தாமே என்று கிறகரியார் நம்பினார். நாற்பத்தெட்டில் சுதந்திரம் கிடைத்தபோது கந்தோரில் எல்லோரும் கேக் தின்றார்கள். அவர் மட்டும் யன்னலோரம் நின்று, "இனி ஷால் எங்கை போடுறது, வில் எங்கை போடுறது எண்டு ஆர் பாக்கப்போறாங்கள்?" என்று பெருமூச்சு விட்டார்.

அவருடைய சொத்து ஓர் அகராதி. தலைமன்னார்ப் பாலத்தடியில் வேலை பார்த்த வெள்ளைக்கார என்ஜினியர் ஒருவர் கப்பலேறும்போது தூக்க முடியாமல் விட்டுவிட்டுப் போனது. அதை அலுமாரியின் மேல்தட்டில் மாதா சுரூபத்துக்குப் பக்கத்தில் வைத்திருந்தார். பின்னேரங்களில் பெற்றிசியா மெழுகுதிரி கொளுத்திச் செபமாலை சொல்லும்போது, அதில் பாதி அகராதிக்கும் போய்ச் சேர்ந்தது.

ஒருநாள் காலை அம்புறோஸ் சம்மாட்டி வந்தார். வள்ளமும் வலையும் வைத்துத் தொழில் நடத்துகிறவர், மீனவர் சங்கத்துக்குத் தலைவர். உட்காரச் சொன்னால் கதிரையின் நுனியில் மட்டும் உட்காருகிற ஆள்.

"கிளாக்கர் ஐயா, கொழும்புப் பெரிய கந்தோரிலையிருந்து சரவணமுத்துத் துரை வாறாராம். கரையோரத்து ஊருகளைப் பாக்க வாறாராம். அவர் ஓமெண்டால் எங்களுக்கு ஒரு ஜெட்டி கிடைக்கும்."

ஜெட்டி, அதாவது வள்ளம் கட்டி மீன் இறக்குகிற இறங்குதுறை, பனங்குடாவின் நெடுநாள் ஆசை. கரை ஆழமில்லாதது. வள்ளங்கள் எட்டத்தில் நிற்க, ஆட்கள் இடுப்பளவு தண்ணீரில் மீன்கூடை சுமந்து வந்தார்கள். வாடைக்காற்றுக் காலத்தில் கூடையும் போகும், சிலவேளை ஆளும் போவான். போன வாடையில் ஒருவன் திருக்கை முள்ளில் மிதித்துக் காலை இழந்திருந்தான்.

"துரைக்கு ஒரு வரவேற்புப் பத்திரம் வாசிக்க வேணும். அவர் தமிழர்தானாம், ஆனால் தமிழ் கேட்டால் தலையிடிக்குமாம். நீங்கள்தான் இங்கிலீசிலை எழுதித் தர வேணும்."

கிறகரியார் கண்ணை மூடினார். பென்சன் எடுத்த பிறகு அவரிடம் இப்படி ஒருவரும் எதையும் கேட்டதில்லை. மூடிய கண்ணைத் திறக்கும்போது அதில் ஈரம் இருந்தது. புகை என்று சொல்லிச் சமாளித்தார்.

வேலை தொடங்கியது. வந்த தொல்லை பெயரடையில். 'டிஸ்ரிங்குவிஷ்ட்' என்று எழுதினார், வெட்டினார். மாட்டு வைத்தியருக்கே அதைத்தான் எழுதுகிறார்கள். 'எமினன்ற்' என்று எழுதினார், வெட்டினார். அது ரயில்வேக்காரர்களின் பிரியாவிடைகளில் அடிபட்டுத் தேய்ந்த சொல். வேறு எவரும் தொடாத ஒன்று வேண்டும். அகராதியின் பக்கங்களில் விரலை ஓடவிட்டுக்கொண்டு போனவர் ஓரிடத்தில் நின்றார்.

இகிறீஜியஸ்.

ஒருமுறை சொல்லிப்பார்த்தார். இன்னொருமுறை எழுந்து நின்று சொன்னார்.

"இஞ்சருங்கோ, வயித்துக்கை ஏதும் செய்யுதே?" என்று கேட்டார் பெற்றிசியா.

அகராதி சொன்னது இது. லத்தீனிலிருந்து வந்த சொல். மந்தையிலிருந்து வெளியே நிற்பது என்பது அதன் அடிப்பொருள். ஆகவே முதல் அர்த்தம், மற்றவர்களுக்கு மேலாகத் தலைதூக்கி நிற்கிற, மகா சிறப்புடைய. அதற்குக் கீழே இரண்டாவது அர்த்தமும் இருந்தது. வெட்கங்கெட்ட அளவுக்கு மோசமான. இக்காலத்தில் பெரும்பாலும் இந்தப் பொருளிலேயே வழங்கும் என்றும் போட்டிருந்தது. கிறகரியார் அதையும் வாசித்தார், தவறாமல் வாசித்தார். வாசித்துவிட்டு, தெருவில் கிடக்கும் சாணியைத் தாண்டுவதுபோல அதைத் தாண்டிப் போனார்.

ஞாயிறு பூசை முடிந்து அன்ரோனெற் ரீச்சர் தேத்தண்ணி குடிக்க வந்தபோது, கிறகரியார் பத்திரத்தை வாசித்துக் காட்டினார். ஒரு வசனத்தில் ரீச்சரின் கோப்பை வாய்க்குப் போகாமல் பாதியில் நின்றது.

"பெரியப்பா, அந்தச் சொல்லை எடுத்துப்போடுங்கோ."

"ஏன் பிள்ளை?"

"அது கூடாத சொல். கொப்பியிலை படுமோசமான பிழையைக் கண்டால்தான் நாங்கள் அப்பிடி எழுதுறனாங்கள். பச்சைப் பொய், பகிரங்கக் களவு, அதுகளுக்கு முன்னாலை போடுற சொல்."

கிறகரியார் சிரித்தார். பள்ளிக்கூடப் புத்தகத்தோடு நின்றுவிட்ட ஒருத்தியைப் பார்த்துப் பெருங்கடலில் நீந்தியவர் சிரிக்கிற சிரிப்பு.

"நீர் படிச்சது இப்பத்தைய இங்கிலீஷ். முந்நூறு நானூறு வரியத்துக்கு முந்தி எழுதினவையை எடுத்துப் பாரும். பெரிய பண்டிதரை, பெரிய வைத்தியரை, படைத்தலைவனை எல்லாம் இந்தச் சொல்லாலைதான் புகழ்ந்தவை. பிறகு கொஞ்சப்பேர் நக்கலுக்குச் சொல்லத் தொடங்கிச்சினம். நாடகக்காரர் கோழையையும் புழுகனையும் மேடையிலை ஏத்திவைச்சு இகிறீஜியஸ் எண்டிச்சினம். நாங்கள் ஒரு கள்ளனைப் பாத்து, 'ஆகா, எப்பேர்ப்பட்ட பெரிய மனுசன்' எண்டு சொல்லுறேல்லையே, அதுமாதிரி. சொல்லிச் சொல்லி நக்கலே அர்த்தமாப் போச்சு. சொல்லிலை என்ன குற்றம்? சொன்னவன்ரை வாயிலைதான் குற்றம். விழுந்த சொல்லைத் தூக்கி நிறுத்துறது படிச்சவன்ரை கடமை."

சொன்ன வரலாறு சரிதான் என்பதால் அன்ரோனெற் அதோடு மல்லுக்கட்டவில்லை. பிறகு கோப்பையைக் கீழே வைத்தார்.

"பெரியப்பா, நாற்றம் எண்டால் பழைய தமிழிலை நல்ல வாசம். பூவின்ரை நாற்றம் எண்டு புகழ்ந்துதான் பாடியிருக்கினம். துரை காராலை இறங்கேக்கை நான் மாலையைப் போட்டு, 'ஐயா, உங்கடை நாற்றம் கொழும்பிலையிருந்து பனங்குடா மட்டும் வீசுது' எண்டு சொல்லட்டே?"

குசினிக்குள் பெற்றிசியா சிரித்த சிரிப்பில் ஒரு மூடி கீழே விழுந்து உருண்டது.

கிறகரியார் அகராதியை மூடினார். "தமிழ் வேறை, இங்கிலீஷ் வேறை" என்றார். மறுக்க முடியாத உண்மை. அன்ரோனெற் குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அவர் படலையைத் தாண்டியதும் கிறகரியார் பேனையை எடுத்து, அந்தச் சொல்லை இன்னும் இரண்டு இடத்தில் சேர்த்தார்.

சரவணமுத்துத் துரை வந்த நாளில் பள்ளிக்கூட மண்டபம் நிரம்பி வழிந்தது. வெடி கொளுத்தினார்கள், கழுதைகள் சிதறி ஓடின. துரை மெல்லிய மனிதர், வெள்ளைச் சூட், கையில் கைக்குட்டை. கருவாட்டு வாடை எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று கைக்குட்டை தேடிக்கொண்டே இருந்தது.

கிறகரியார் பழைய கறுத்தக் கோட்டும் சப்பாத்தும் போட்டு மேடையேறினார். வாசித்தார். துரையின் இகிறீஜியஸ் கல்வி. துரையின் இகிறீஜியஸ் நேர்மை. இந்தத் தேசம் கண்டிராத துரையின் இகிறீஜியஸ் நிர்வாகம். துரை பிறந்தது, படித்தது, கடல்கடந்து போய் வந்தது எல்லாம் முழுப் பத்திகளாக ஓடின. கடைசிப் பத்தியின் கடைசி வசனத்தில், இவ்வளவு பெரியவரின் நேரத்தை எடுப்பதற்கு மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, ஓர் அற்ப வேண்டுகோளாக ஜெட்டி வந்தது. ஊர்ச்சனம் ஒரு சொல்லும் விளங்காமல் வாயைப் பிளந்துகொண்டு கேட்டது. இதைவிடப் பெரிய வெற்றி ஓர் எழுத்தாளனுக்கு வேறில்லை.

சுவரோரம் நின்ற அன்ரோனெற் கண்ணை மூடிக்கொண்டு அடிக்காகக் காத்திருந்தார். அடி விழவில்லை. துரையின் முகம் மலர்ந்தது. அந்தச் சொல் வரும்போதெல்லாம் அவர் தலையை ஒருமுறை ஆட்டினார். கொழும்பில் படித்து, சீமையில் படித்து, அந்தச் சொல்லை மட்டும் அவர் எங்கும் சந்தித்திருக்கவில்லை. நீளமாக இருந்தது, லத்தீன் வாடை அடித்தது, மாலையோடு வந்தது. வேறென்ன வேண்டும்? மரச்சட்டம் போட்ட பத்திரத்தைக் கார் றைவரிடம் கொடுக்காமல் தம் கையிலேயே வாங்கிக்கொண்டார். "ஜெட்டி விஷயம் உடனே பார்க்கப்படும்" என்று ஆங்கிலத்தில் சொன்னார். கிறகரியார் அதை மொழிபெயர்க்கும்போது 'உடனே' என்பதை இரண்டு தரம் சொன்னார்.

அதற்குப் பிறகு பனங்குடாவில் கிறகரியாரைப் பிடிக்க முடியவில்லை. அன்ரோனெற்றைக் கோயில் வாசலில் கண்டபோது, "நாற்றம் எப்பிடி, பிள்ளை?" என்று கேட்டார்.

ஊரும் சும்மா இருக்கவில்லை. ஒரு சொல் ஜெட்டி கொண்டுவந்ததென்றால் அது சாதாரணச் சொல்லா? வலையில் நல்ல பாரைமீன் பட்டால் "இகிறீஜியஸ் பாரை" என்றார்கள். பெண்பார்க்கப் போனவர்கள் "இகிறீஜியஸ் குடும்பம்" என்று சொல்லித் திரும்பினார்கள். அம்புறோஸ் சம்மாட்டி புதிதாகச் செய்த வள்ளத்தின் முன்னால், அணியத்தில், மற்றவர்கள் அந்தோனியாரையும் செபஸ்தியாரையும் எழுதுகிற இடத்தில், சிவப்பு மையால் இகிறீஜியஸ் என்று எழுதுவித்தார். அதைப் பார்த்த சில பெண்கள் பங்குச் சுவாமி டொமினிக்கிடம் போய், "சுவாமி, இந்தப் புனிதற்றை திருநாள் எப்ப வரும்?" என்று கேட்டார்கள்.

டொமினிக் சுவாமி நாள்தோறும் லத்தீனில் பூசை வைக்கிறவர். அந்தச் சொல் ஓர் அப்போஸ்தலரைப் புகழ்கிற செபத்தில் வருவதும் அவருக்குத் தெரியும், இன்றைய ஆங்கிலத்தில் அதன் நிலையும் தெரியும். "அவரின்ரை திருநாள் இன்னும் குறிக்கேல்லை. கெதியிலை குறிப்பாங்கள்" என்று மட்டும் சொல்லி அனுப்பினார்.

குறித்தார்கள். மாரி போய்ச் சோளகக் காற்றுத் தொடங்கிய நேரம், ஒரு முற்பகலில் துரையின் கார் மணலில் திணறிக்கொண்டு திரும்பவும் வந்தது. முன்னறிவிப்பு இல்லை, வெடி இல்லை, மாலை இல்லை. துரை பள்ளிக்கூட மண்டபத்துக்குள் போய் நின்று, பத்திரம் எழுதியவரைக் கூப்பிடச் சொன்னார்.

செய்தி கேட்டதும் கிறகரியார் துள்ளி எழுந்தார். கொழும்பில் தமக்கொரு கதிரை காத்திருக்கிறது என்றே நினைத்தார். கோட்டைத் தேடினார், சப்பாத்தில் ஒன்று கிடைக்கவில்லை. கடைசியில் செருப்போடு ஓடினார். அம்புறோசும் சங்கத்து ஆட்களும் அதற்குள் கூடிவிட்டார்கள். டொமினிக் சுவாமியும் வந்திருந்தார்.

நடந்தது என்னவென்று துரை சொல்லவில்லை. வெளியே புளியமர நிழலில் நின்று றைவர்தான் பிறகு சந்தோசமாகச் சொன்னான். துரை பத்திரத்தைக் கந்தோரில் தம் தலைக்கு நேர்மேலே மாட்டியிருந்தார். வருகிற போகிறவர்களுக்கெல்லாம் காட்டினார். சீமைக்குத் திரும்பிப் போக இருந்த வெள்ளைக்கார ஆலோசகர் ஒருவர் தேநீர் குடித்தபடி அதை முழுவதும் வாசித்தார். கோப்பையை வைத்தார். துரையை மேலும் கீழும் பார்த்தார். "முற்றிலும் உண்மை" என்று சொல்லிக் கைகொடுத்துவிட்டுப் போனார். துரை அதை மறுநாள் கூட்டத்தில் பெருமையாகச் சொன்னபோதுதான், கீழே இருந்த கிளாக்கர்மார் ஒவ்வொருவராக இருமத் தொடங்கினார்கள்.

மண்டபத்துக்குள் துரை சட்டம் போட்ட பத்திரத்தை மேசையில் போட்டார். கண்ணாடி கீறல் விட்டது.

"இந்தச் சொல்லின் அர்த்தம் உமக்குத் தெரியுமா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

கிறகரியார் முதல் அர்த்தத்தைச் சொன்னார். மந்தையைச் சொன்னார், லத்தீனைச் சொன்னார், நானூறு வருடத்து எழுத்தாளர்களைச் சொன்னார். டொமினிக் சுவாமியும், "லத்தீன் செபத்தில் அப்போஸ்தலரை அப்படித்தான் சொல்கிறோம்" என்று ஆங்கிலத்தில் ஒத்தாசை செய்தார்.

"நான் அப்போஸ்தலர் அல்ல!" என்று துரை கத்தினார்.

"அது பாக்கத் தெரியுது" என்றார் சுவாமி, தமிழில்.

துரை மேசையில் தட்டினார். மன்னிப்பு வேண்டும், எழுத்தில் வேண்டும், இல்லாவிட்டால் கிறகரியாரின் பென்சன் வரைக்கும் போவேன் என்றார். அம்புறோஸ் மெல்லக் கிட்ட வந்து காதுக்குள் சொன்னார்.

"கிளாக்கர் ஐயா, என்ன பிழையெண்டு எனக்கு விளங்கேல்லை. ரைப் அடிச்சவன்ரை பிழை எண்டு சொல்லிப்போடுங்கோ. மாதாவாணை, எங்களுக்கு ஜெட்டி வேணும்."

ரைப் அடித்ததும் கிறகரியார்தான். ஆனாலும் ஒரு கணம் அவர் அதைச் சொல்லவே நினைத்தார். வாய்கூடத் திறந்தார். அதற்குள் அம்புறோசுக்குப் பொறுக்கவில்லை. துரைக்கு நேரே திரும்பி, இரண்டு கையையும் கூப்பினார்.

"ஐயா, எங்களிலை கோவிக்காதேங்கோ. அந்த ஜெட்டி அலுவல் எந்த மட்டிலை நிக்குது?"

துரை அவரைப் பார்த்தார். பிறகு கிறகரியாரைப் பார்த்தார். முகத்தில் கோபம் போய் உண்மையான திகைப்பு வந்தது.

"வாட் ஜெட்டி?" என்றார்.

அதற்கு ஒருவருக்கும் மொழிபெயர்ப்புத் தேவைப்படவில்லை.

துரை நடிக்கவில்லை என்பது அந்த முகத்தில் தெரிந்தது. ஒரு சொல்லுக்காகக் கொழும்பிலிருந்து இவ்வளவு தூரம் மணலில் வந்த மனிதருக்கு, அதே தாளில் கிடந்த ஜெட்டி கண்ணில் படவே இல்லை. படுகிற இடத்தில் தாம் எழுதினோமா என்று கிறகரியார் யோசித்தார். பத்தி பத்தியாகத் துரையை எழுதினார். ஊர் இடுப்பளவு தண்ணீரில் நின்றதை எழுதவில்லை. திருக்கை முள்ளில் கால் போனவனை எழுதவில்லை. அவன் அப்போது மண்டபத்து வாசலில் கோலை ஊன்றிக்கொண்டு நின்றான். அற்ப வேண்டுகோள் என்று எழுதியது தம் கைதான்.

"கிளாக்கர் ஐயா" என்றார் அம்புறோஸ். இந்தமுறை அவர் குரலைத் தாழ்த்தவில்லை. "துரை இந்தக் கத்துக் கத்தினால் அந்தச் சொல்லுக்கு ரெண்டாவது அர்த்தம் ஒண்டு இருக்க வேணும். முதலாவதை நீங்கள் எங்களுக்குச் சொன்னனீங்கள். ரெண்டாவது என்ன?"

கிறகரியார் துரையைப் பார்த்தபடியே தமிழில் சொன்னார். "வெட்கங்கெட்ட அளவுக்கு மோசமான."

அம்புறோஸ் துரையைத் தலையிலிருந்து கால் வரை பார்த்தார்.

"அப்ப நீங்கள் சரியாத்தானே எழுதியிருக்கிறியள்" என்றார்.

பின்னால் நின்றவர்களில் யாரோ ஒருவன் சிரித்தான். சிரிப்பு மண்டபம் முழுக்கப் பரவியது. தமிழ் கேட்டால் தலையிடிக்கும் துரைக்கு அந்தத் தமிழ் நன்றாகவே விளங்கியது. முகம் கறுத்துக் காருக்குப் போனார். கார் நகரவில்லை, சில்லு மணலில் புதைந்திருந்தது. சிரித்தவர்களே வந்து தள்ளிவிட்டார்கள். அதற்குத் துரை நன்றி சொன்னதாகத் தெரியவில்லை.

மன்னிப்புக் கடிதம் எழுதியே ஆகவேண்டும். பென்சன் போனால் அடுப்பு எரியாது என்று பெற்றிசியா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். கிறகரியார் ஆங்கிலத்தில் எழுத உட்கார்ந்தார். இந்தமுறை அகராதியை எடுக்கவில்லை. எழுதி முடித்ததும் ஆளனுப்பி அன்ரோனெற்றைக் கூப்பிட்டார். அப்படி அவர் கூப்பிட்டது அதுதான் முதல்தடவை.

அன்ரோனெற் வாசித்தார். 'மேன்மை தங்கிய ஐயா, தங்களைக் குறித்து நான் எழுதிய இகிறீஜியஸ் என்னும் சொல்லை, அதன் முதலாவது அர்த்தத்தில் எழுதியது என் பெரும் பிழை என்பதை இப்போது உணர்கிறேன். அந்த அர்த்தத்தில் அதை முழுமனதோடு வாபஸ் பெறுகிறேன்.' அவ்வளவுதான்.

அவர் இரண்டாவது முறை வாசித்தபோது தோள் குலுங்கத் தொடங்கியது.

"பெரியப்பா, இது துரைக்கு விளங்கினால்?"

"விளங்காது. அவருக்கு வாபஸ் எண்ட சொல்லு மட்டுந்தான் கண்ணிலை படும்."

அப்படியே ஆனது. மன்னிப்பு ஏற்றுக்கொள்ளப்பட்டது என்று கந்தோரிலிருந்து பதில் வந்தது. பென்சனும் தவறாமல் வந்தது. துரை சில காலத்தில் இன்னும் பெரிய கந்தோருக்குப் பதவி உயர்ந்து போனார் என்று பேப்பரில் போட்டிருந்தது. கிறகரியார் அந்தச் செய்தியைப் பெற்றிசியாவுக்கு வாசித்துக் காட்டினார். பெற்றிசியா, "அப்பிடிப்பட்ட மனுசர் எங்கை கீழை போறது?" என்று சொல்லிக்கொண்டு சூடைமீன் துப்புரவாக்கினார்.

ஜெட்டிக்காக அம்புறோஸ் மறுபடியும் வந்து கதிரையின் நுனியில் உட்கார்ந்தார். இந்தமுறை கிறகரியார் தமிழில் எழுதினார். எழுதி எழுதிக் கிழித்தார். ஆங்கிலத்தில் ஒன்றும் சொல்லாமலே ஒரு பக்கத்தை நிரப்பிவிடலாம். தமிழில் எழுதினால் என்ன சொல்கிறோம் என்பது பக்கத்து வீட்டுக்காரனுக்குக்கூடத் தெரிந்துவிடுகிறது. பெரும் தொல்லை. கடைசியில், எங்கள் கரையில் ஆழமில்லை, ஆட்கள் தண்ணீரில் நின்று மீன் இறக்குகிறார்கள், ஒருவனுக்குக் கால் போய்விட்டது, ஒரு ஜெட்டி வேண்டும் என்று நாலு வரியில் முடித்தார். அனுப்பினார்கள்.

அதற்குள் ஐம்பத்தாறு வந்து, சட்டம் மாறி, கந்தோர்களின் பாஷையும் மாறிவிட்டது. பதில் வந்தது, சிங்களத்தில். பனங்குடாவில் அதை வாசிக்க ஆளில்லை. கிறகரியாரும் அம்புறோசும் அதை மடியில் வைத்துக்கொண்டு, கோச்சி நிற்கிற அடுத்த ஸ்டேசன் மட்டும் நடந்து தலைமன்னாருக்குக் கோச்சியேறி, பாலத்தடியில் பேக்கரி வைத்திருந்த சிங்கள முதலாளியிடம் கொடுத்தார்கள். அவர் மாவுக் கையைத் துடைத்துவிட்டு வாசித்துச் சொன்னார்: உங்கள் கடிதம் கிடைத்தது. கீழே ஏதும் இருக்கிறதா என்று அம்புறோஸ் கேட்டார். முதலாளி தாளைத் திருப்பியும் பார்த்தார். இல்லை. பாவமென்று இரண்டு பணிஸ் கொடுத்து அனுப்பினார்.

திரும்பி வரும்போது கோச்சியில் இருவரும் ஆளுக்கொரு பணிஸ் தின்றார்கள். பாதி வழியில் அம்புறோஸ், "ஐயா, பனை எங்களிட்டைக் கிடக்கு. ஆக்களும் கிடக்கு" என்றார்.

"ஓம்" என்றார் கிறகரியார்.

அடுத்த வாடைக்கு முன்னால் ஊர் கூடிப் பனை தறித்தது. அடிமரங்களைக் கடலுக்குள் ஊன்றி, பிளந்த மரங்களை மேலே பரப்பிக் கட்டினார்கள். காலில்லாதவன் கரையில் இருந்து கயிறு திரித்தான். கிறகரியார் களிசானை முழங்கால் வரை மடித்துவிட்டு, ஒரு பிரயோசனமும் இல்லாமல் தண்ணீரில் நின்று, ஒவ்வொரு மரத்தையும் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். பிடிக்க வேண்டாம் என்று சொல்ல ஒருவருக்கும் மனம் வரவில்லை. அது ஜெட்டி என்று கொழும்பில் ஒருவரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். ஆனால் கூடை நனையாமல் கரைக்கு வந்தது.

டொமினிக் சுவாமி தீர்த்தம் தெளித்து ஆசீர்வதித்தார். கிளாக்கர் ஐயா நாலு வார்த்தை பேச வேண்டும் என்று அம்புறோஸ் பிடிவாதமாக நின்றார். பெற்றிசியா கறுத்தக் கோட்டையும் சப்பாத்து இரண்டையும் தேடி எடுத்துக் கொடுத்திருந்தார். கிறகரியார் நடந்துபோய் நுனியில் நின்று சனத்தைப் பார்த்தார். தொண்டையைச் செருமினார். எல்லோரும் ஆங்கிலத்துக்குத் தயாராக வாயைத் திறந்து வைத்துக்கொண்டார்கள்.

"வடக்குப் பக்கத்து மரம் ஆடுது" என்றார். "கவனமா நடவுங்கோ."

அவ்வளவையும் சொல்லிவிட்டு, தாமும் கவனமாக நடந்து கரைக்கு வந்தார். அவர் பேசியதில் ஊருக்கு முழுவதும் விளங்கிய முதற்பேச்சு அது. கைதட்டல் நிற்க வெகுநேரம் பிடித்தது.